மணப்பாடு முதல் நாகசாகி வரை



மாலை நேரத்தில் போடி கடைத்தெருவில் நாம் வாங்கும் பஜ்ஜியைப் போலவே, ஜப்பானிலும் காய்களையும் மீனையும் மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கிறார்கள். அதற்குத் தெம்புரா என்று பெயர். ஆண்டில் நான்கு முறை மாமிசம் விலக்கி நோன்பிருக்கும் ஒறுத்தல் நாள்களின் பெயரிலிருந்து அந்தச் சொல் வந்தது என்று பலர் சொல்கிறார்கள். ரொட்டியை ஜப்பானியர் 'பான்' என்பார்கள். இலங்கைத் தமிழர் 'பாண்' என்பார்கள். நம் பாட்டிமார் சொல்லும் 'குருசு' அங்கேயும் 'குருசு'தான். எல்லாம் போர்த்துக்கீசியர் கப்பல் வழியாக அங்கும் இங்கும் இறங்கிய சொற்கள். அந்தக் கப்பல்களில் பயணம் செய்தவர்களில் ஒருவர், டிசம்பர் 3ஆம் நாள் நாம் விழா கொண்டாடும் புனித பிரான்சிஸ் சவேரியார்.

1542ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் ஜெபம் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். "இங்கே படித்ததை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

ஊருக்கு ஒருவரை நியமிக்கவும் செய்தார். அவருக்குப் பெயர் கணக்கப்பிள்ளை. நம் ஏலத்தோட்டங்களில் ஆள் கணக்கு எழுதுகிறவரை அழைக்கிறோமே, அதே சொல். அந்தக் கணக்கப்பிள்ளை மக்களைக் கூட்டி ஜெபம் சொல்லிவைப்பார். சாகக் கிடக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பார். போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தைச் சவேரியார் கேட்டு வாங்கி, இவர்களுக்குச் சம்பளமாக்கினார்.

இதில் ஒரு சிறு செய்தியும் உண்டு. விசுவாச அறிக்கையில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில், அந்த முதல் மொழிபெயர்ப்பில் 'எனக்கு வேணும்' என்ற பொருள் வந்துவிட்டது. 1544இல் தம் உடன் பணியாளர் மன்சிலாசுக்குக் கடிதம் எழுதி, அதை மாற்றச் சொன்னார் சவேரியார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

1549ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15, அன்னையின் விண்ணேற்பு விழாவன்று, அவர் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகத்தான் அங்கே இருந்தார். அவர் ஊன்றிய விதை வளர்ந்தது. பின்னால் துன்பம் வந்தது. 1597 பிப்ரவரி 5ஆம் நாள் நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் ஏற்றினார்கள். அவர்களில் ஒருவர் மும்பைக்கு அருகிலுள்ள வசையில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா. 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. 1640களுக்குப் பின் அந்த மக்களிடையே குரு ஒருவரும் இல்லை.

கோவில் இல்லை, பூசை இல்லை, நற்கருணை இல்லை. நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும் ஆண்டவருடைய அல்லது அன்னையின் உருவத்தைக் காலால் மிதிக்கவைத்தார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து, அந்த எளிய விவசாயிகளும் மீனவர்களும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லி அழுதார்கள். கிராமத்தில் ஒருவர் திருநாள்களின் ஏட்டைக் காத்தார். அவரைச் 'சோக்கத்தா' என்றார்கள். ஏடு வைத்திருப்பவர் என்று பொருள். நம்முடைய கணக்கப்பிள்ளையேதான்! இன்னொருவர் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். இக்கிட்சுக்கி தீவில் அப்பமும் இரசமும் கிடைக்காத மக்கள், தங்கள் வழிபாட்டில் பச்சை மீனையும் அரிசி மதுவையும் வைத்து ஜெபித்தார்கள். அது நற்கருணை ஆகாது. ஆனால் நற்கருணைக்கான பசி எவ்வளவு என்பதை அது காட்டுகிறது.

இப்படி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் போயிற்று. 1865 மார்ச் 17ஆம் நாள். வெளிநாட்டவருக்காக நாகசாகியின் ஊராவில் புதிதாகக் கட்டிய கோவிலுக்கு உராக்காமி கிராமத்திலிருந்து சிலர் வந்தார்கள். ஒரு பெண் பிரெஞ்சு குரு பெத்தித்ழானிடம் நெருங்கி, தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று மெல்லச் சொல்லி, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார். வெளிப்பட்டதற்கு அவர்கள் விலை கொடுத்தார்கள். உராக்காமி மக்கள் 3,000க்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்படுவது போலத் தூர மாவட்டங்களுக்கு விரட்டப்பட்டார்கள். 600க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். 1873இல்தான் தடை நீங்கியது.

அன்பார்ந்தவர்களே, இத்தனை தலைமுறை விசுவாசத்தைக் காத்தது யார்? அம்மாக்கள், அப்பாக்கள், பாட்டிமார். தூய பவுல் திமொத்தேயுவுக்கு எழுதும்போது, அவருடைய விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் குடியிருந்தது என்று பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்.

நம் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டு தாண்டி ஏலக்காட்டுக்குப் போகும் தாய், இருட்டியபின்தான் வீடு திரும்புகிறார். மேலே லயங்களில் இருப்பவர்களுக்கு மாதம் ஒரு பூசை வாய்த்தாலே பெரிது. ஆனால் முதல் நற்கருணைக்கு வரும் பிள்ளைகளிடம், "ஜெபம் யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டால் "சிஸ்டர்" என்கிறார்கள். "அம்மா", "அப்பா" என்ற பதில் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. இதுதான் என் கவலை. எங்களைப் போன்ற குருக்கள் மாறிப்போவோம். பிள்ளையோடு இருப்பது நீங்கள்தான்.

என்ன சொல்லிக்கொடுப்பது? சவேரியார் திருத்திய அந்தச் சொல்லை எண்ணிப் பாருங்கள். மார்க் வேணும், வேலை வேணும், ஏலக்காய்க்கு விலை வேணும் என்று கேட்பது தவறல்ல. தந்தையிடம் பிள்ளை கேட்கத்தான் செய்யும். ஆனால் அந்த ஜப்பானிய மக்களுக்கு ஜெபத்தால் கிடைக்கக்கூடியது சிறையும் சாவும்தான். அப்படியிருந்தும் அவர்கள் 'விசுவசிக்கிறேன்' என்றார்கள். அந்தச் சொல் நம் பிள்ளைகளின் வாயிலும் இருக்கட்டும்.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின், செல்போனையும் டிவியையும் அணைத்துவிட்டு, பத்து நிமிடம் குடும்பமாக உட்காருங்கள். விசுவாச அறிக்கையை ஒரு வரி நீங்கள் சொல்லுங்கள். அடுத்த வரியைப் பிள்ளை சொல்லட்டும். வீட்டில் பாட்டி இருந்தால் அவரே தொடங்கிவைக்கட்டும்.

புனித சவேரியாரே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.