முகப்பும் ஓர் உரையே

நூலுக்கு முகப்பு ஆடை மட்டுமன்று. அந்நூலுக்கு எழுந்த முதல் உரையும் அதுவே. மூலத்தைக் கற்றபின்னரே உரையாசிரியர் உரை வரைவார். முகப்போவியருக்கும் இந்நெறி பொருந்தும் என்பதற்கு வங்கத்துச் சிக்னெட் பதிப்பகத்தின் வரலாறு சான்றாகும்.

1943இல் திலீப்குமார் குப்தா கொல்கத்தாவில் தொடங்கிய அப்பதிப்பகத்திற்கு முகப்புகள் வரைந்தவர், பின்னாளில் திரைப்பட மேதையாகப் புகழ்பெற்ற சத்யஜித் ராய். சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் முதலியோரிடம் ஓவியம் பயின்ற அவர், அப்போது விளம்பர நிறுவனமொன்றில் பணியாற்றிவந்தார். ஜீவனானந்த தாசின் ‘வனலதா சென்’ கவிதைத் தொகுதியின் 1952ஆம் ஆண்டுப் பதிப்பும் அவர் வரைந்த முகப்புடனேயே வெளிவந்தது.

குமாவுன் மலைப்பகுதியின் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றிய ஜிம் கார்பெட்டின் நூலுக்கு அவர் அமைத்த முகப்போ தனிச்சிறப்புடையது. அட்டை முழுவதும் புலித்தோல். முன்னட்டையில் தோட்டா நுழைந்த சிறுதுளை. பின்னட்டையில் அது வெளியேறிய பெருந்துளை. வேட்டைக்காரரும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. எனினும் துளைகளின் அளவு வேறுபாட்டிலேயே வேட்டையின் மெய்ம்மை அடங்கிவிடுகிறது. நூலைத் திருப்பும் வாசகரின் கை, தோட்டா சென்ற வழியையே தொடர்கிறது.

விபூதிபூஷணின் ‘பதேர் பாஞ்சாலி’ச் சுருக்கப் பதிப்பிற்கு ஓவியம் வரையப் புகுந்தபோதுதான் அக்கதை அவருள் காட்சிகளாய் விரியத் தொடங்கிற்று, 1955இல் அது திரைப்படமாய் வெளிவந்தது. ஆழ்ந்த வாசிப்பின் பயன் அட்டையோடு நின்றுவிடவில்லை.

கவிஞர்களாகிய நாம் அட்டையை அச்சகத்தின் இறுதி நேர அலுவலாகக் கருதலாகாது. கையெழுத்துப்படியை ஓவியரிடம் முதலிலேயே அளித்தல் வேண்டும். படியாத கை வரைந்த முகப்பு எந்நூலுக்கும் பொருந்தும். எந்நூலுக்கும் பொருந்துவது நம் நூலுக்கு உரியதன்று.