மூன்றில் இரண்டு பங்கு

ஒரு சபையிலே கூடியிருப்போருள் பெரும்பாலோர் எவரை விரும்புகின்றனரோ அவரே தலைவராவார் என்பது நாம் இயல்பாகக் கொள்ளும் எண்ணம். ஆயினும், பெரும்பாலோர் என்றால் எத்தனை பேர் என்று கேட்கும்போதுதான் சிக்கல் தோன்றுகின்றது. பாதிக்கு மேல் ஒருவர் இருந்தாற் போதுமா? அன்றி, மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டுமா? கணக்குப் பாடம் போலத் தோன்றும் இக்கேள்வி, ஐக்கிய அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சியை நூறு ஆண்டுகளுக்கு மேலாக அலைக்கழித்தது. சில தலைவர்களை அது உயர்த்திற்று. சிலரை வாயிற்படியிலே நிறுத்தித் திருப்பி அனுப்பிற்று.

அமெரிக்க அரசியல் யாப்பிலே கட்சிகளைப் பற்றி ஒரு சொல்லேனும் இல்லை. ஆகவே, ஜனாதிபதிப் பதவிக்கு ஒரு கட்சியின் சார்பில் எவர் போட்டியிடுவது என்பதைத் தீர்மானிக்கும் முறையும் அதிலே கூறப்படவில்லை. தொடக்க காலத்தில் காங்கிரஸ் அங்கத்தவர்களே கட்சிவாரியாகக் கூடிப் பேசி அபேட்சகரைத் தெரிந்தனர். பொதுமக்களுக்கு இதில் இடமில்லையே என்ற மனக்குறை நாளடைவில் வளர்ந்தது. 1824ஆம் ஆண்டில் இவ்வாறு தெரியப்பட்ட வில்லியம் குரோஃபோர்ட் தேர்தலில் தோல்வியுற்றார். அம்முறையும் அத்துடன் மதிப்பிழந்தது. 1831 செப்டெம்பரில் மேசன் சங்கத்தை எதிர்ப்பதற்கென எழுந்த ஒரு சிறு கட்சி, பல மாநிலங்களின் பிரதிநிதிகளைப் பால்டிமோர் நகரிலே கூட்டித் தன் அபேட்சகரைத் தெரிந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஜனநாயகக் கட்சியும் அதே நகரில் அதே வழியைப் பின்பற்றிற்று.

அந்த 1832ஆம் ஆண்டு மகாநாட்டிலேதான் நாம் பேசவந்த விதி பிறந்தது. ஜனாதிபதி அண்ட்ரூ ஜாக்சன் மீண்டும் போட்டியிடுவார் என்பது முன்னரே முடிந்த காரியம். உப ஜனாதிபதிப் பதவிக்கு மார்ட்டின் வான் பியூரனைத் தெரிவதே எஞ்சியிருந்த வேலை. தெரியப்படுபவருக்குக் கட்சி முழுவதன் ஆதரவும் உண்டென நாடு காணவேண்டும் என்று கருதி, மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைப் பெறுபவரே அபேட்சகராவார் என விதித்தனர். ஒற்றுமையைக் காட்டுவதற்காக எழுந்த விதி அது.

மகாநாட்டில் வாக்களிக்கும் முறையையும் இங்கு அறிந்துகொள்ளல் வேண்டும். மாநிலங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்படும். ஒவ்வொரு மாநிலத்தின் சார்பிலும் ஒருவர் எழுந்து, தம்மவர் வாக்குகள் எவருக்கு எத்தனை என்று உரத்த குரலில் அறிவிப்பார். சில மாநிலங்கள் ஒதுக்கப்பட்ட தொகையிலும் கூடிய பிரதிநிதிகளை அனுப்பி, ஒருவருக்கு அரை வாக்கு என்று பகிர்ந்துகொள்வதும் உண்டு. வேறு சில மாநிலங்களில், தம்முள் பெரும்பான்மையோர் விரும்பியவருக்கே எல்லா வாக்குகளையும் ஒருமிக்க அளிக்கும் கட்டுப்பாடு இருந்தது. வேண்டிய தொகையை ஒருவரும் பெறாவிடின் முதல் மாநிலத்திலிருந்து மீண்டும் அழைப்புத் தொடங்கும். இரு வாக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட வேளையிலேதான் பேரங்களும் வாக்குறுதிகளும் மனமாற்றங்களும் நிகழும்.

1832இல் எந்த வான் பியூரனுக்காக மகாநாடு கூடிற்றோ, அதே வான் பியூரனையே பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அவ்விதி வீழ்த்திற்று. 1844இல் அவர் முன்னாள் ஜனாதிபதி. மீண்டும் அப்பதவியை விரும்பினார். ஆனால் டெக்சாஸ் நாட்டை உடனடியாக ஐக்கிய அமெரிக்காவுடன் இணைப்பதை அவர் எதிர்த்தார். அடிமை முறை நிலவிய தென் மாநிலத்தவர் பலர் அவ்விணைப்பை வேண்டி நின்றனர். மகாநாடு கூடியதும் அவருடைய எதிரிகள் பழைய விதியை மீண்டும் நிறைவேற்றிக்கொண்டனர். முதல் வாக்கெடுப்பில் 266 வாக்குகளுள் 146 வான் பியூரனுக்குக் கிடைத்தன. பாதியைக் கடந்தாயிற்று, மூன்றில் இரண்டு பங்கை எட்டவில்லை. அதன்பின் அவருடைய வாக்குகள் தேய்ந்தன. முதல் ஏழு வாக்கெடுப்புகளில் ஒரு வாக்கேனும் பெறாத ஜேம்ஸ் போக், எட்டாவதில் 44 வாக்குகள் பெற்று, ஒன்பதாவதில் அபேட்சகரானார். தேர்தலிலும் வென்று ஜனாதிபதியானார். சாமுவேல் மோர்ஸ் சில தினங்களுக்கு முன்னர்தான் தந்திக் கம்பியைப் பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் இடையே திறந்து வைத்திருந்தார். மகாநாட்டுச் செய்திகள் அக்கம்பி வழியே உடனுக்குடன் தலைநகரை அடைந்தன.

அவ்விதியின் முழு விளைவு 1860ஆம் ஆண்டிலே தெரிந்தது. ஏப்பிரில் மாதத்தில் தெற்கிலுள்ள சார்ள்ஸ்டன் நகரிலே ஜனநாயகக் கட்சி கூடிற்று. புதிய பிரதேசங்களில் அடிமை முறைக்குப் பாதுகாப்பு வேண்டுமெனத் தென் மாநிலத்தவர் கேட்டனர். அது மறுக்கப்படவே பலர் எழுந்து வெளியேறினர். அதன் பின்னர், எஞ்சியோரின் தொகையிலன்றி, வெளியேறியோரையும் சேர்த்த முழுத்தொகையாகிய 303இலேயே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. அதாவது 202 வாக்குகள். வடபகுதியின் தலைவரான ஸ்டீபன் டக்ளஸ் 57 வாக்கெடுப்புகளில் ஒருமுறையும் அத்தொகையை நெருங்கவில்லை. அவர் பெற்ற உச்சத்தொகை 152½. சபையில் இல்லாதவர்களும் அவருக்கு எதிராக வாக்களித்தவர்கள் போலவே கணக்கிடப்பட்டனர். மகாநாடு கலைந்து, ஜூன் மாதத்தில் பால்டிமோரிலே மீண்டும் கூடி, அங்கும் பிளவுற்றது. ஒரு பிரிவு டக்ளஸையும், மறு பிரிவு ஜோன் பிரெக்கின்றிட்ஜையும் நிறுத்தின.

குடியரசுக் கட்சி இவ்விதியை ஏற்றதில்லை. பாதிக்கு மேல் பெற்றாற் போதும் என்பதே அக்கட்சியின் முறை. அதே ஆண்டு மே மாதத்தில், மகாநாட்டுக்கென மரத்தினால் கட்டப்பட்ட ஒரு பெரிய மண்டபத்திலே, சிக்காகோ நகரில் அக்கட்சியினர் கூடினர். அங்கு வேண்டியது 233 வாக்குகள். முதல் வாக்கெடுப்பில் வில்லியம் சிவேர்ட் 173½ பெற்று முன்னின்றார். ஆபிரகாம் லிங்கன் பெற்றது 102. இரண்டாவதில் சிவேர்ட் 184½, லிங்கன் 181. மூன்றாவதில் லிங்கன் 231½ பெற்றார். குறைவு ஒன்றரை வாக்கு மட்டுமே. அவ்வேளையில் ஒஹையோ மாநிலத்தவர் ஒருவர் எழுந்து, தம்மவர் நால்வரின் வாக்குகள் லிங்கனுக்கு மாறுகின்றன என அறிவித்தார். காரியம் முடிந்தது. அம்மண்டபத்திலும் மூன்றில் இரண்டு பங்கு விதி இருந்திருந்தால், சிவேர்டின் ஆதரவாளர் தம் நிலையில் உறுதியாக நின்றே லிங்கனைத் தடுத்திருக்கலாம். அவர்களின் தொகை மூன்றில் ஒரு பங்கிலும் அதிகமாக இருந்தது. அந்த நவம்பரில் லிங்கன் ஜனாதிபதியாகத் தெரியப்பட்டார். அடுத்த ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது.

போரின் பின்னும் ஜனநாயகக் கட்சி தன் விதியைக் கைவிடவில்லை. 1912இல் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகரான சாம்ப் கிளார்க், பத்தாம் வாக்கெடுப்பிலே நியூயோர்க் மாநிலத்தின் 90 வாக்குகளும் சேர 556 பெற்றுப் பாதியைக் கடந்தார். ஆயினும் உட்ரோ வில்சனின் ஆதரவாளர் கலையாது நின்றனர். நாற்பத்தாறாவது வாக்கெடுப்பில் நியமனம் பெற்றவர் வில்சன். பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவைக் கண்ட கிளார்க் வெறுங்கையோடு திரும்பினார்.

1924ஆம் ஆண்டு மகாநாட்டைப் பற்றி வானொலி நேயர்களுக்குச் சிறப்பாகக் கூறவேண்டும். அவ்வாண்டின் கட்சி மகாநாடுகளே வானொலியில் ஒலித்த முதல் மகாநாடுகள். நியூயோர்க்கின் மடிசன் சதுக்க மண்டபத்திலே ஜூன் 24இல் ஜனநாயகக் கட்சி கூடிற்று. வில்சனின் மருகரான வில்லியம் மக்காடூ ஒருபுறம். நியூயோர்க் ஆளுநரும் கத்தோலிக்கருமான அல்பிரெட் சிமித் மறுபுறம். கறுப்பினத்தவரையும் கத்தோலிக்கரையும் யூதரையும் பகைத்த கூ கிளக்ஸ் கிளான் என்னும் இரகசிய சங்கத்தைப் பெயர் சுட்டிக் கண்டிப்பதா என்ற தீர்மானம், ஏறக்குறைய ஒரு வாக்கினாலே தோற்றது. அவ்வாறு இரண்டாகப் பிளந்து நின்ற சபையிலே வேண்டியது 732 வாக்குகள், மொத்தம் 1098. 367 வாக்குகளைக் கட்டிக்காப்பவர் எவரையும் தடுத்துவிடலாம். இரு தலைவர்களும் ஒருவரையொருவர் அவ்வாறே தடுத்தனர்.

ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் முதலில் அழைக்கப்படும் மாநிலம் அலபாமா. அதன் ஆளுநர் எழுந்து, தம் மாநிலத்தின் இருபத்து நான்கு வாக்குகளும் ஒஸ்கார் அண்டர்வுட் அவர்களுக்கே என்று தென்னாட்டு நீட்டிசையில் அறிவிப்பார். வீடுகளிலே வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்தோர் இதனை நாள்தோறும் பலமுறை கேட்டனர். சிறுவர்களும் வேடிக்கையாகச் சொல்லித் திரியும் தொடராக அது மாறிற்று. வெயிலிலும் செலவிலும் சலித்துப்போன பிரதிநிதிகள், ஜூலை மாதத்தில் நூற்றுமூன்றாவது வாக்கெடுப்பில் ஜோன் டேவிஸ் என்னும் வழக்கறிஞரைத் தெரிந்தனர். நவம்பரில் கல்வின் கூலிட்ஜ் அவரை எளிதாக வென்றார். கட்சியின் உட்பகை முழுவதையும் நாடு காதாரக் கேட்ட பின்னர், அக்கட்சி தெரிந்தவருக்கு எங்கிருந்து மதிப்பு வரும்?

அம்மகாநாட்டிலே ஊன்றுகோல்களின் துணையோடு மேடையேறி, சிமித்தின் பெயரை முன்மொழிந்தவர் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட். எட்டு ஆண்டுகளின் பின் சிக்காகோவிலே அவரே அபேட்சகராக நின்றார். முதல் வாக்கெடுப்பிலே 1154இல் 666¼ வாக்குகள் அவருக்கு வீழ்ந்தன. பாதியிலும் வெகு அதிகம். எனினும் மூன்று வாக்கெடுப்புகள் வீணாயின. நான்காவதில் கலிபோர்னியா மாநிலம் ரூஸ்வெல்ட்டின் பக்கம் சாய்ந்தது. அதனை மேடையேறி அறிவித்தவர், 1924இல் அதே விதியினால் தடுக்கப்பட்ட மக்காடூ. கலிபோர்னியாவும் டெக்சாசும் அதுவரை ஆதரித்த ஜோன் கார்னர், உப ஜனாதிபதிப் பதவிக்கு நியமனம் பெற்றார்.

1936இல் பிலடெல்பியா மகாநாடு அவ்விதியை நீக்கிற்று. விதிகளை ஆராய்ந்த குழுவின் தலைவராக அமர்ந்திருந்தவர் செனற்றர் பெனட் கிளார்க். அவர் 1912இல் பாதிக்கு மேல் பெற்றும் தோற்ற சாம்ப் கிளார்க்கின் மைந்தர். தந்தை 1921இலேயே மறைந்துவிட்டார்.

அவ்விதிக்காக வாதாடியோர் கூறியதையும் மறைத்தல் நியாயமன்று. நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் ஏற்ற ஒருவரே தெரியப்பட அது வழிசெய்தது என்றனர். போக்கும் வில்சனும் அவ்வழியே வந்தவர்கள் என்பதும் உண்மையே. ஆனால் பிளவைத் தடுக்கும் என்று நம்பப்பட்ட விதி 1860இல் பிளவைத் தடுக்கவில்லை. வேண்டாதவரை விலக்கும் வலிமையைச் சிறுபான்மைக்குத் தந்ததேயன்றி, வேண்டியவரைத் தேடித்தரும் பொறுப்பை அது அவர்கள்மீது சுமத்தவில்லை. தென் மாநிலங்கள் ஒன்றுசேர்ந்து நின்றால், தமக்கு ஒவ்வாத எவரையும் நெடுங்காலம் விலக்கிவைக்க முடிந்தது.

இன்று மகாநாடுகளின் தன்மையே வேறு. ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கெடுப்பு இரு பெருங் கட்சிகளிலும் கடைசியாக நிகழ்ந்தது 1952இல். அவ்வாண்டு ஜனநாயகக் கட்சி அட்லாய் ஸ்டீவன்சனை மூன்றாவது வாக்கெடுப்பில் தெரிந்தது. 1968இல் ஹியூபேர்ட் ஹம்ப்ரி மாநிலங்களின் முன்தேர்தல்களிற் போட்டியிடாமலே நியமனம் பெற்றபோது பெருங் குழப்பம் எழுந்தது. அதன் விளைவாக, 1972 முதல் பிரதிநிதிகளிற் பெரும்பாலோர் வாக்காளரின் தீர்ப்பினாலேயே தெரியப்படுகின்றனர். 2024இல் ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகியபோது, ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதிகள் மகாநாடு கூடுமுன்னரே இணையவழியாக வாக்களித்துக் கமலா ஹாரிஸை நியமித்தனர். சிக்காகோவிலே மாநிலங்களின் பெயர்கள் அழைக்கப்பட்டது வெறும் சடங்காகவே.

ஒற்றுமை என்பது பேசியும் விட்டுக்கொடுத்தும் ஈட்டவேண்டிய பொருள். அதனை ஒரு தொகையாக விதித்துவிட்டால் கிடைத்துவிடும் என்று 1832இல் கூடியோர் நம்பினர். ஒற்றுமை உண்டான ஆண்டுகளில் அவ்விதி வேண்டியிருக்கவில்லை. ஒற்றுமை குலைந்த ஆண்டுகளில் அது உதவவில்லை. ஒரு சபை தன் தலைவரைத் தெரிய எழுமுன்னர், எத்தனை பேரின் சம்மதம் வேண்டும் என்பதோடு, எத்தனை பேரின் மறுப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.