நொய்யல் வழக்கு உணர்த்தும் நீதி

திருப்பூர்ப் பனியன் தொழிலின் வரலாற்றை நாம் பெரும்பாலும் ஏற்றுமதிக் கணக்காகவே படிக்கிறோம். அதன் மறுபக்கம் நொய்யலில் எழுதப்பட்டது. பாசனத்திற்கென 1992இல் திறக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாயிற்று; கரையோரக் கிணறுகள் உவர்த்தன. வசதியுள்ளோர் நல்ல நீரை விலைக்கு வாங்கலாம். கூலியாளுக்கு அது இயலாது. ஆகவே மாசு எல்லோரையும் சமமாகத் தாக்கவில்லை.

1996இல் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில், தோல் பதனிடும் ஆலைகளைக் குறித்து ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை நாட்டின் சட்டமாக ஏற்றது. நம்மவர் பலர் ஈடுபட்டிருந்த தொழில் அது என்பதை நாம் மறத்தலாகாது. பின்னர் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். 2006 டிசம்பரில், வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டர்க் கணக்கில் தண்டம் விதிக்கப்பட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஆணை நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் பணித்தது.

வீரபாண்டி உள்ளிட்ட இடங்களின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், கழிவுநீரை வெளிவிடாது மீளப் பயன்படுத்தும் முறைக்கு மாற வேண்டியதாயிற்று. ஆயினும், பட்டறை இயங்கியபோது நீரை இழந்த எளியவரே, அது மூடப்பட்டபோது கூலியையும் இழந்தனர். காலத்தே செயற்படாத சட்டத்தின் விலையை யார் செலுத்துகின்றனர் என்பதே இவ்வரலாறு நம்முன் வைக்கும் வினா.