சாகுல் ஹமீது என்னும் பெயர்



பொன்விழாவையொட்டி, நமது சங்கத்தின் பழைய உறுப்பினர் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பணி இளைஞர் பிரிவைச் சேர்ந்த எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்று தடித்த ஏடுகள். ஓரமெல்லாம் பழுப்பேறிப் போயிருந்தன. கடை அடைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகத் தட்டச்சு செய்தோம். முதல் ஏட்டில் ஒரே பக்கத்தில் மூன்று சாகுல் ஹமீதுகள் இருந்தார்கள். ஒருவருக்கு நாணய மாற்று வியாபாரம், ஒருவருக்குச் சாப்பாட்டுக் கடை, ஒருவருக்குத் துறைமுகத்தில் வேலை. மூவருக்கும் ஊர் வேறு, தகப்பனார் பெயர் வேறு. பெயர் மட்டும் ஒன்று.

அந்த ஏட்டுக்குள் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இருந்தது. சங்கத்தின் தொடக்க காலத்து நிர்வாகக் குழு. பின்புறம் பேனாவால் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். இடமிருந்து நான்காவதாக நிற்பவர் 'சாகுல் ஹமீது'. எந்தச் சாகுல் ஹமீது? பெரியவர்கள் சிலரிடம் காட்டினோம். ஒருவர் நாணய மாற்றுக்காரர் என்றார். இன்னொருவர், இல்லை, அவர் இதைவிட உயரம் என்றார். இதுவரை விடை கிடைக்கவில்லை. அந்தத் தேடலில் பிறந்ததுதான் இக்கட்டுரை.

பாலிடெக்னிக்கில் வணிகப் பட்டயப் படிப்புப் படித்தபோது, வாடிக்கையாளர் பட்டியலில் பெயரை நம்பாதே, எண்ணை நம்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள். கடைக்கு வந்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது. ஒரு சாகுல் ஹமீதுக்குப் போக வேண்டிய வெங்காய மூட்டைகளை ஒருமுறை வேறொரு சாகுல் ஹமீதின் கடையில் இறக்கிவிட்டோம். தவறு எங்களுடையதுதான். ஓடிப்போய்க் கேட்டால், "என் பெயர்தானே தம்பி போட்டிருக்கு" என்று சிரித்தார். அதற்குள் பாதி விற்றுப் போயிருந்தது.

நம்மவர் வீடுகளில் இத்தனை பேருக்கு இந்தப் பெயர் வந்தது எப்படி?

நாகூரிலிருந்து

'ஷாஹ்' பாரசீகச் சொல். அரசர் என்று பொருள். 'ஹமீது' அரபுச் சொல். புகழுக்குரியவர் என்று பொருள். தமிழ் நாவில் அது சாகுல் ஹமீது, சாகுல் அமீது, சவுல் அமீது என்று பலவாறாகப் புழங்குகிறது. ஆங்கிலத்தில் எழுதப் போனாலோ ஆளுக்கொரு விதம். ஒரே வீட்டில் அண்ணன் அடையாள அட்டையில் ஓர் எழுத்தும் தம்பி அடையாள அட்டையில் ஓர் எழுத்தும் கூடியோ குறைந்தோ இருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

இப்பெயர் தமிழ் முஸ்லிம்களிடையே பரவியதற்குக் காரணம் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகூர் நாயகம் சையிது அப்துல் காதிர் சாகுல் ஹமீது அவர்கள். வட இந்தியாவில் மாணிக்கப்பூரில் பிறந்து, பல நாடுகளில் பயணம் செய்து, கடைசியில் சோழநாட்டுக் கடற்கரையில் தங்கி அங்கேயே அடக்கமானவர்கள். தஞ்சையை ஆண்ட நாயக்க மன்னரின் நோயைத் தீர்த்ததாகவும், அதற்கு நன்றியாக மன்னர் நிலம் வழங்கியதாகவும் மரபு வழியாகச் சொல்வார்கள். பின்னர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தார். ஐந்து மினாராக்களில் அதுவே உயரமானது.

நடுக்கடலில் ஓட்டை விழுந்து மூழ்க இருந்த ஒரு கப்பலை நாயகம் கரையிலிருந்தபடியே காப்பாற்றினார்கள் என்ற கதையை நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்போம். கையிலிருந்த கண்ணாடியை வீசினார்கள், அது போய் ஓட்டையை அடைத்தது என்பார்கள். அதனால் கடலோடிகளும் கப்பல் வணிகர்களும் அவர்கள் பெயரைச் சொல்லிப் பாய் விரித்தார்கள். பிள்ளை பிறந்தால் அந்தப் பெயரையே வைத்தார்கள். காதர், மீரான், சாகுல், நாகூர் பிச்சை, நாகூர் கனி ஆகிய பெயர்களைத் தேடிப் போனால் பலவும் அந்த ஒருவரிடமே போய்ச் சேரும்.

தர்காவைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அந்த விவாதத்துக்குள் இம்மலரில் போக வேண்டாம். ஒரு பெயர் எப்படிக் கடல் கடந்தது என்பதே இங்கே பேச்சு.

கப்பலேறிய பெயர்

நாகூருக்குப் பக்கத்திலேயே நாகப்பட்டினம் துறைமுகம். 'ரஜூலா' கப்பலும் அதற்குப் பின் 'சிதம்பரம்' கப்பலும் அங்கே ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. எங்கள் நன்னாவும் அப்படி வந்தவர்தான். அவர் பெயரும் இதுவே.

அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே பெயர் இங்கே வந்துவிட்டது. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் 1828 முதல் 1830 வரை சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் நாகூர் தர்காவைக் கட்டினார்கள். யாரும் அங்கே அடக்கமாகியிருக்கவில்லை. அது ஒரு நினைவிடம். அன்று அந்தத் தெருதான் கடற்கரை. கப்பலை விட்டு இறங்கியவர்கள் நல்லபடியாக வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வேலை தேடிப் போனார்கள். சீனக் குடியேறிகளும் அதே காரணத்துக்காக அதே தெருவில் கடல் தெய்வத்துக்குத் தியான் ஹோக் கெங் ஆலயத்தைக் கட்டினார்கள். அதைத் தாண்டினால் அல் அப்ரார் பள்ளிவாசல். 1974இல் தர்கா தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. பினாங்கில் சூலியா ஸ்திரீட்டிலும், இலங்கையின் கல்முனைக் கடற்கரையிலும் இதே நாகூரின் நினைவிடங்கள் உண்டு.

ஆக, வங்காள விரிகுடாவின் எல்லாக் கரைகளிலும் இந்தப் பெயர் இறங்கியது. அங்கங்கே பிறந்த சாகுல் ஹமீதுகள் எல்லாரும் ஒரே வழியில் போனார்களா? இல்லை. மூவரை மட்டும் இங்கே சொல்கிறோம்.

அமைச்சர்

முதலாமவர் இலங்கையின் ஏ.சி.எஸ். ஹமீது. கண்டிக்கு அருகே அக்குறணைப் பகுதியில் 1928இல் பிறந்தவர். அந்த முதலெழுத்துகளை விரித்தால் அப்துல் காதர் சாகுல். அதாவது நாகூர் நாயகத்தின் பெயர் முழுவதும் அவர் பெயரில் இருந்தது. உலகம் அவரை 'ஹமீது' என்றே அறிந்தது.

1960இல் நாடாளுமன்றம் சென்றவர், 1999இல் காலமாகும் வரை உறுப்பினராக இருந்தார். இலங்கை விடுதலை பெற்றதிலிருந்து வெளியுறவுப் பொறுப்பைப் பிரதமரே வைத்திருப்பது வழக்கம். 1977இல்தான் அதற்கெனத் தனி அமைச்சர் நியமிக்கப்பட்டார். அந்த முதல் வெளியுறவு அமைச்சர் இவரே. 1989 வரை பதவி வகித்தார். தொடக்க ஆண்டுகளில் அணிசேரா நாடுகளின் தலைமைப் பொறுப்பு இலங்கையிடம் இருந்ததால், உலக அரங்குகளில் பேசும் கடமையும் அவருக்கு வந்தது. 1993இல் மீண்டும் அதே துறைக்கு வந்தார்.

அவருடைய வாழ்வில் கடினமான வேலை உள்நாட்டில்தான் வந்தது. 1989, 1990 ஆண்டுகளில் பிரேமதாச அரசின் சார்பில் விடுதலைப் புலிகளுடன் பேச்சு நடத்தியவர் அவர். 1990 ஜூனில் சண்டை மூண்டபோது, அதை நிறுத்த யாழ்ப்பாணம் வரை போய்ப் பேசினார். அந்த முயற்சி பலிக்கவில்லை. போர் மேலும் பல ஆண்டுகள் நீண்டது. ஆனாலும் இரு தரப்புக்கும் நடுவில் போய் உட்காரத் துணிந்தவர் என்ற அளவில் அவரை நினைக்க வேண்டும்.

கவிஞர்

இரண்டாமவரைச் சாகுல் அமீது என்றால் பலருக்குத் தெரியாது. இன்குலாப் என்றால் தெரியும். 1944இல் கீழக்கரையில் பிறந்த எஸ்.கே.எஸ். சாகுல் அமீதுதான் கவிஞர் இன்குலாப். நம் உறுப்பினர்கள் பலருக்கும் சொந்த ஊரோ சம்பந்தி ஊரோ ஆன அதே கீழக்கரை. 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவராகக் கலந்துகொண்டார். பின்னர் சென்னை புதுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். அந்த ஊர் நாகூருக்கு அதிகத் தொலைவில் இல்லை. அக்கொடுமையை நெஞ்சில் வைத்து அவர் எழுதிய 'மனுசங்கடா' பாட்டு கிராமம் கிராமமாகப் பாடப்பட்டது. பொதுவுடைமை வழியில் நடந்தவர். 'ஔவை', 'மணிமேகலை' நாடகங்களை எழுதியவர். பெற்றோர் வைத்த பெயரை ஒதுக்கி வைத்துவிட்டுப் புரட்சி என்று பொருள்படும் சொல்லைத் தம் பெயராக்கிக்கொண்டார். மதம் பற்றிய அவரது கருத்துகள் நமக்கு உடன்பாடானவை அல்ல. எனினும் எரிந்த குடிசைக்காகக் குரல் கொடுத்த நேர்மையை யாரும் மறுக்க முடியாது. 2016 டிசம்பரில் காலமானார். மறு ஆண்டு 'காந்தள் நாட்கள்' நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது, அவர் விருதுகளை விரும்பியவர் அல்லர் என்று சொல்லிக் குடும்பத்தார் அதை ஏற்க மறுத்துவிட்டனர்.

பாடகர்

மூன்றாமவரை இளைய தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். திரைப்படப் பின்னணிப் பாடகர் சாகுல் ஹமீது. 1993இல் வந்த 'ஜென்டில்மேன்' படத்தின் உசிலம்பட்டிப் பாட்டு, அதே ஆண்டு 'திருடா திருடா'வில் 'ராசாத்தி', அடுத்த ஆண்டு 'காதலன்' படப் பாடல்கள். எல்லாம் ஏ.ஆர். ரகுமான் இசை. 'ராசாத்தி' பாட்டுக்கு வாத்தியங்களே இல்லை, குரல்கள் மட்டும்தான். அதிலேயே அவர் குரலின் மண்வாசனை தெரியும். எங்கள் அத்தா கடையில் கேசட் ஓடிக்கொண்டே இருக்கும். அட்டையில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு நன்னா, "என் பெயர் கேசட்டிலெல்லாம் வருது" என்று வாடிக்கையாளர்களிடம் காட்டுவார்.

பாடகர் சாலை விபத்தில் அகால மரணம் அடைந்தார். கால் நூற்றாண்டு கழித்து, 2024இல் 'லால் சலாம்' படத்தில் ஒரு பாட்டில் அவர் குரல் மீண்டும் கேட்டது. செயற்கை நுண்ணறிவு கொண்டு, குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்து அந்தக் குரலை உருவாக்கியதாக ரகுமான் அறிவித்தார். ஆள் போன பிறகு குரலைத் திரும்பக் கொண்டுவரும் காலம் இது. நம்மிடமோ புகைப்படத்தில் நிற்கும் ஒருவர் யார் என்று சொல்ல ஆளில்லை.

ஏட்டின் கடைசிப் பக்கம்

ஒருவர் பெயரை முதலெழுத்துகளுக்குள் வைத்துக்கொண்டார். ஒருவர் அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சூடிக்கொண்டார். ஒருவர் அப்படியே வைத்துப் பாடினார். ஊரும் தொழிலும் கொள்கையும் வேறு வேறு. பெயர் யாரையும் ஒரே வார்ப்பில் வார்ப்பதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. எந்தக் கரையிலிருந்து புறப்பட்ட குடும்பம் என்பதை மட்டும் அது சொல்லும்.

மூன்றாவது ஏட்டை முடித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. முதல் ஏட்டில் பக்கத்துக்குப் பக்கம் இருந்த சாகுல் ஹமீது, உறுப்பினர்களின் பிள்ளைகள் பெயர்ப் பட்டியலில் ஒருவர்கூட இல்லை. எல்லாம் இரண்டெழுத்து மூன்றெழுத்துப் பெயர்கள். அவையும் நல்ல பொருள் கொண்ட பெயர்களே. பெற்றோருக்கும் காரணங்கள் உண்டு: படிவங்களில் நீளமான பெயர் இடம் கொள்ளாது, பள்ளியில் பிள்ளைகள் சுருக்கிக் கேலி செய்வார்கள், ஒரே பெயரில் பலர் இருந்தால் குழப்பம். வெங்காய மூட்டையை மாற்றி இறக்கிய நாங்கள் இதை மறுத்துப் பேச முடியுமா?

ஆனால் குழப்பம் பெயரால் வருவதில்லை. பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவற்றை நாம் சொல்லாமல் விடுவதால் வருகிறது. பழைய பெரியவர்கள் இதை எளிதாகத் தீர்த்தார்கள். 'ரொட்டிக்கடை சாகுல்', 'கப்பல் சாகுல்' என்றால் ஆள் யார் என்று தெருவுக்கே தெரியும். அந்தப் பட்டப்பெயர்களை யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. சொன்னவர்களோடு அவையும் போய்விட்டன.

ஆகவே குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள பழைய படங்களை எடுத்து, பெரியவர்கள் இருக்கும்போதே பின்புறம் எழுதி வையுங்கள். பெயர் மட்டும் போதாது. தகப்பனார் பெயர், ஊர், தொழில், வந்த கப்பல், தெருவில் கூப்பிட்ட பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். நிர்வாகக் குழுப் படத்தை விழா மண்டபத்தின் வாசலில் வைக்கிறோம். இடமிருந்து நான்காவதாக நிற்பவரை அடையாளம் தெரிந்தவர்கள் எங்களிடம் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இன்னும் சில மாதங்களில் ஒரு குழந்தை வரவிருக்கிறது, இன்ஷா அல்லாஹ். ஆண் பிள்ளையாக இருந்தால் நன்னாவின் பெயரையே வைப்பது என்று பேசி முடித்துவிட்டோம். ஆங்கிலத்தில் எத்தனை எழுத்து என்பதில்தான் அத்தாவுக்கும் எங்களுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.