ரோடா அந்தாரும் லெபனான் கால்பந்தின் சம்பளக் கணக்கும்

2012 செப்டம்பர் 11 அன்று பெய்ரூத்தின் கமீல் ஷமூன் விளையாட்டரங்கில் லெபனான் ஈரானை 1-0 என்று வென்றது. ஆட்டத்தின் ஒரே கோலை 28-ஆம் நிமிடத்தில் தலையால் முட்டிப் போட்டவர் அணித்தலைவர் ரோடா அந்தார். ஈரான் அந்தப் பிரிவில் முதலிடம் பெற்று 2014-இல் பிரேசிலுக்குப் போனது. லெபனானோ உலகக் கோப்பைத் தகுதிப் போட்டிகளின் கடைசிச் சுற்றுக்கு வந்ததே அதுதான் முதல் முறை. இந்த எழுச்சிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. தியோ ப்யூக்கர் என்ற ஜெர்மானியப் பயிற்சியாளரின் திறமை ஒன்று. அந்தாரைப் போல வெளிநாட்டில் ஆடித் தேறியவர்களின் அனுபவம் மற்றொன்று. இரண்டும் பொய்யல்ல. ஆனால், அந்த எழுச்சி ஏன் சில மாதங்களிலேயே சரிந்தது என்பதற்கு இவற்றில் விடை கிடையாது. அந்தாரின் ஆட்டவாழ்வை அவர் விட்டுப்போன லீக்கோடு சேர்த்துப் படித்தால் விடை தெரிகிறது. அது திறமையைப் பற்றியதல்ல, சம்பளத்தைப் பற்றியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தார் 1980-இல் பிறந்தது லெபனானில் அல்ல, சியரா லியோனின் தலைநகரான ஃப்ரீடவுனில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே லெபனானியர் அங்கே குடியேறிக் கடை வைத்தவர்கள். தெற்கு லெபனானின் ஷியா கிராமங்களிலிருந்து போன குடும்பங்கள் அவர்களில் ஏராளம். எனவே ஊரைவிட்டுப் போய்ப் பிழைப்பது அந்தாரின் தலைமுறைக்குப் புதிதல்ல. கால்பந்து அதற்குக் கிடைத்த இன்னொரு வழி. அவரை வளர்த்த கிளப், லெபனானின் டயர் நகரத்தைச் சேர்ந்த ததாமுன் சூர். ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப் 2001-இல் அவரை அழைத்துக்கொண்டது.

அதே 2000-01 பருவத்தில் லெபனான் லீக் முழுவதுமே மேட்ச் ஃபிக்சிங் காரணமாக ரத்து செய்யப்பட்டது. ஒரு நாட்டின் முதல்நிலைப் போட்டியில் ஒரு பருவமே பட்டியலில் இல்லாமல் போவது சிறிய செய்தியல்ல. அந்தாரின் கதை சொல்லப்படும்போது இது அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஏனென்றால், அவருடைய கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

ஜெர்மனியில் அவர் கழித்த எட்டு ஆண்டுகளைப் புகழ்ச்சி இல்லாமல் பார்க்க வேண்டும். ஹாம்பர்க்கில் பெரிய வாய்ப்பு அமையவில்லை. 2003-இல் ஃப்ரைபுர்க் போனார். 2005-இல் அந்த அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோதும் 2007 வரை அங்கேயே ஆடினார். பிறகு கொலோன், அப்போது அதுவும் இரண்டாம் பிரிவில்தான் இருந்தது, கிறிஸ்டோஃப் டாமின் பயிற்சியில் 2008-இல் மேலேறியது. ஆக, தொடர்ந்து மூன்று பருவங்கள் அவர் ஆடியது இரண்டாம் பிரிவில். ஆனால் அந்தப் பிரிவிலும் ஒவ்வோர் ஆண்டும் கிளப்கள் தங்கள் வரவு செலவைக் காட்டித்தான் ஆடும் உரிமத்தைப் புதுப்பிக்க முடியும். அணி இறங்கினாலும் மாதச் சம்பளம் நிற்காது என்ற உறுதியை ஓர் ஆட்டக்காரனுக்குத் தருவது அந்த ஏற்பாடுதான். ஃப்ரைபுர்க்கிலும் கொலோனிலும் அவருடன் ஆடிய யூசுஃப் முகமது என்ற லெபனான் தடுப்பாட்டக்காரரும் இதே நிழலில் நின்றவர்.

லெபனானில் நிலைமை என்ன? கிளப்களின் வருவாய் கட்சிகளையும் சமூகத் தலைவர்களையும் நம்பியது: அஹெத் ஹிஸ்புல்லாவோடும், அன்சார் ஹரீரி குடும்பத்தோடும், ஸஃபா துரூஸ் சமூகத்தோடும் சேர்த்தே பேசப்பட்டவை. 2005-இல் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி கொல்லப்பட்டு, மறு ஆண்டு போரும் வந்தபின், மோதல் அச்சத்தால் உள்ளூர் ஆட்டங்களுக்குப் பார்வையாளர்களை அனுமதிப்பது ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நிறுத்தப்பட்டது. டிக்கெட் வசூல் இல்லை. காலி அரங்குக்கு விளம்பரதாரரும் வரமாட்டார். ஆட்டக்காரர்களில் பலர் பிழைப்புக்கு வேறு வேலையும் பார்த்தார்கள்.

இந்த லீக்கிலிருந்துதான் 2011-இன் தேசிய அணியில் பெரும்பாலோர் வந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் தென் கொரியாவிடம் 6-0 என்று தோற்ற அணி, நவம்பர் 15 அன்று பெய்ரூத்தில் அதே கொரியாவை 2-1 என்று வென்றது. உலகக் கோப்பைத் தகுதிப் போட்டிகளின் மூன்றாம் சுற்றில் பத்துப் புள்ளிகள் எடுத்து, குவைத்தையும் ஐக்கிய அரபு அமீரகத்தையும் பின்தள்ளியது. வெளிநாட்டில் ஆடிய நாலைந்து பேரால் மட்டும் இதைச் செய்திருக்க முடியாது. உள்ளூர் ஆட்டக்காரனின் காலில் குறையில்லை.

2013 தொடக்கத்தில் லெபனான் சம்மேளனம் மேட்ச் ஃபிக்சிங் விசாரணையின் முடிவை அறிவித்தது. இருபத்து நான்கு ஆட்டக்காரர்களுக்குத் தண்டனை. அவர்களில் இருவருக்கு ஆயுள் தடை. தேசிய அணி நடுவில் உடைந்தது. கடைசிச் சுற்றின் எட்டு ஆட்டங்களில் ஐந்து புள்ளிகளோடு லெபனான் பிரிவின் அடியில் நின்றது.

என் வாதத்துக்கு இங்கே ஒரு தடை உண்டு. ஆயுள் தடை பெற்ற இருவரும் அப்போது ஆடியது லெபனானில் அல்ல, மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும். அப்படியானால் வெளிநாடு போனவன் தப்பித்தான் என்று சொல்ல முடியாது. சரிதான், ஆனால் எல்லா வெளிநாடும் ஒன்றல்ல. 2012 டிசம்பரில் இந்தோனேசியாவின் சோலோ நகரக் கிளப்பில் ஆடிய பராகுவே நாட்டவர் தியேகோ மெந்தியேத்தா, மாதக்கணக்கில் சம்பளம் பாக்கியிருக்க, நோயுற்று இறந்தார். அந்த இருவருக்கும் இப்படி நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் தவற்றுக்கு இது சமாதானமும் ஆகாது. ஒப்பந்தத்துக்கு மதிப்பில்லாத சந்தையிலிருந்து அதே போன்ற இன்னொரு சந்தைக்குப் போவதும், உரிமம் புதுப்பிக்கக் கணக்குக் காட்டும் நாட்டுக்குப் போவதும் வேறுவேறு என்கிறேன்.

அந்தாரின் அடுத்த கட்டம் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. 2009-இல் அவர் சேர்ந்த ஷான்டாங் லூனெங் மறு ஆண்டே சீன சூப்பர் லீக்கை வென்றது. அப்போது சீனக் கால்பந்தே மேட்ச் ஃபிக்சிங் வழக்குகளில் மூழ்கியிருந்தது. ஆனால் அங்கே கைது செய்யப்பட்டவர்களில் சம்மேளனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த நான் யோங்கும் ஒருவர். 2012-இல் அவர் பத்தரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். உலகக் கோப்பைக்கே விசில் ஊதிய நடுவர் லூ ஜுன்னும் சிறை போனார். சீன அரசின் நோக்கங்களை நான் புகழ வரவில்லை. விசாரணை எந்த உயரம்வரை ஏறியது என்பதே கேள்வி. லெபனானின் பட்டியலில் இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஆட்டக்காரர்கள். 2001-இல் ஒரு பருவத்தையே ரத்து செய்த பிறகும் கிளப்களின் கணக்குப் புத்தகத்தை யாரும் கேட்டு வாங்காமல் விட்ட பன்னிரண்டு ஆண்டுகளுக்கு, பந்தை உதைத்தவர்கள் மட்டும் பதில் சொன்னார்கள்.