தனிமைச் சிறை: புதிய சட்டத்திலும் நீடிக்கும் பழைய கொட்டடி

வீரகேரளம்புதூர் வட்டத்தில் நீண்டகாலத் தண்டனை பெறுவோர் பெரும்பாலும் சென்றடையும் இடம் பாளையங்கோட்டை மத்தியச் சிறை. அங்குக் கைதிகள் சாதிவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டதையும், மோதலைத் தவிர்க்கவே அவ்வாறு செய்வதாகக் கூறப்பட்டதையும் சுகன்யா சாந்தா வழக்கில் (3 அக்டோபர் 2024) உச்ச நீதிமன்றம் பரிசீலித்தது. அந்தச் சமாதானத்தை அது ஏற்கவில்லை. சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிப் பத்தியை நீக்கவும் ஆணையிட்டது.

தனிமைக் கொட்டடி அத்தீர்ப்பின் பொருளன்று. எனினும், பிரித்து வைப்பதற்குச் சொல்லப்படும் 'பாதுகாப்பு' என்னும் காரணமே தனித்து அடைப்பதற்கும் சொல்லப்படுகிறது. முறையிடும் தலித் கைதியை 'உன் நன்மைக்காகவே' என்று தனியே பூட்டினால், அது காப்பா, தண்டனையா?

1978இல் சுனில் பத்ரா வழக்கு இதற்கு விடை தந்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டவரைக்கூடச் சிறை நிர்வாகம் தன் விருப்பப்படி தனிமையில் அடைக்க இயலாது. தனிமைச் சிறை என்பது நீதிமன்றம் மட்டுமே விதிக்கக்கூடிய தண்டனை.

நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் எதற்கு என்பதே நம் கேள்வி. 1971இல் சட்ட ஆணையத்தின் 42ஆவது அறிக்கை இத்தண்டனையை நீக்கப் பரிந்துரைத்தது. ஆயினும் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73, 74ஆம் பிரிவுகள், பாரதிய நியாய சன்ஹிதாவில் 11, 12 என எண் மாறி 1 ஜூலை 2024 முதல் நடப்பில் உள்ளன. ஒரே தொடர்ச்சியில் 14 நாள், மொத்தத்தில் மூன்று மாதம் என்பது உச்சவரம்பு. 15 நாளைத் தாண்டும் தனிமையை ஐ.நா.வின் மண்டேலா விதிகள் (2015) தடை செய்கின்றன. நம் சட்டம் அதற்கு ஒரு நாள் முன்பாக நின்றுகொள்கிறது!

கைதியைக் காணச் செல்லும் வழக்குரைஞரும் உறவினரும் முதலில் கேட்க வேண்டியது: தனியே அடைக்க எழுத்துப்பூர்வ ஆணை உண்டா, அதை யார் பிறப்பித்தார்?