ரீடைரக்ட்டுக்குப் பின் காணாமல்போகும் ஃபிளாஷ் செய்தி

படிவம் ஒன்றை அனுப்பியதும் அடுத்த பக்கத்தின் மேலே ஒரே ஒரு முறை தோன்றும் ‘சேமிக்கப்பட்டது’ போன்ற அறிவிப்பு, இணையச் செயலிகளில் ஃபிளாஷ் செய்தி எனப்படும். பக்கத்தைப் புதுப்பித்தால் படிவம் மறுபடி பதிவாகிவிடாதிருக்க, சர்வர் 302 அல்லது 303 பதிலைக் கொடுத்து பிரவுசரை வேறு முகவரிக்குத் திருப்பும் (ரீடைரக்ட்). ஹெச்டிடிபி முந்தைய கோரிக்கையை நினைவில் வைப்பதில்லை. எனவே செய்தி செஷனிலோ குக்கியிலோ ஏறித்தான் புதிய பக்கத்தை அடைய வேண்டும். அது வராவிட்டால் பயனர் பொத்தானை மீண்டும் அழுத்துவார். பணம் கட்டும் இடத்தில் இதைச் சிறு குறை என்று ஒதுக்க முடியாது.

டெம்ப்ளேட்டைத் திருத்தத் தொடங்குமுன் டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கம் மாறினாலும் பதிவுகள் அழியாதபடி அமைத்துப் பார்ப்பது நல்லது. படிவக் கோரிக்கையும் அடுத்த கோரிக்கையும் ஒரே செஷனைச் சேர்ந்தவையா என்பதே முதல் கேள்வி. ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ உள்ள முகவரியிலிருந்து அது இல்லாத முகவரிக்குத் திரும்பினாலோ, செக்யூர் குக்கி இருக்க வெறும் ஹெச்டிடிபிக்கு மாறினாலோ குக்கி உடன் போகாமல் நின்றுவிடலாம். ஃபிளாஸ்க் என்ற இணையக் கட்டமைப்பு செஷனையே கையொப்பமிட்ட குக்கியில் வைப்பதால், அளவு சுமார் 4096 பைட்டைத் தாண்டினால் பிரவுசர் அதை ஏற்காது. இன்னொரு கட்டமைப்பான ஜாங்கோவின் இயல்பு அமைப்பு, செய்திகளில் குக்கியில் கொள்ளாததைச் செஷனுக்கு மாற்றிவிடுகிறது. இது நல்ல ஏற்பாடு.

குக்கி சரியாகப் போயும் செய்தி இல்லையென்றால் சர்வரைப் பார்க்க வேண்டும். ஃபிளாஸ்க்கின் ரகசியச் சாவியை ஒவ்வொரு வொர்க்கரும் தனித்தனியே உருவாக்கினால், ஒன்று இட்ட கையொப்பத்தை மற்றொன்று ஏற்காது. செய்தி சில சமயம் வரும், சில சமயம் வராது. எக்ஸ்பிரஸில் செஷன் சேமிக்கப்பட்டு முடிந்தபின் ரீடைரக்ட் செய்வதே பாதுகாப்பு. ரெயில்ஸில் ‘ஃபிளாஷ்.நவ்’ நடப்புக் கோரிக்கைக்கு மட்டுமே. ரீடைரக்ட்டுடன் அது உதவாது.

கண்டுபிடிக்கக் கடினமானது, செய்தியை வேறொரு கோரிக்கை முந்திக்கொண்டு தீர்த்துவிடுவது. லாராவெலில் ஃபிளாஷ் தரவு அடுத்த ஒரு கோரிக்கை வரைதான் வாழும். இரண்டாவது ரீடைரக்ட் வந்தாலோ, பின்னணியில் ஓர் அஜாக்ஸ் அழைப்பு அதே செஷனைத் தொட்டாலோ காலாவதியாகிவிடும். இடைப்பட்ட கோரிக்கையில் ‘ரீஃபிளாஷ்’ அழைத்து ஆயுளை நீட்டலாம். ரெயில்ஸில் அதற்கு ‘கீப்’ உண்டு. ஃபிளாஸ்க்கிலும் ஜாங்கோவிலும் யாராவது படிக்கும்வரை செய்தி காத்திருக்கும்.

போய்ச் சேரும் பக்கம் கேஷிலிருந்து வந்தாலும் செய்தி தெரியாது. ஒருவருக்கான செய்தியோடு பக்கம் பொதுக் கேஷில் தங்கினால் அது அடுத்தவருக்கும் காட்டப்படும். அத்தகைய பக்கங்களுக்கு கேஷ்-கன்ட்ரோல் தலைப்பில் ‘நோ-ஸ்டோர்’ இட வேண்டும்.